கொக்சினெல்: மேடையில் வென்றவர், பதிவேட்டிலும் பெயரை எழுதியவர்

பரிஸ் லாச்சப்பல் நிலையத்தில் 2ஆம் இலக்க மெட்ரோவில் மேற்கு நோக்கி ஏறினால் மூன்றாவது நிறுத்தம் பிகால். போரினால் புலம்பெயர்ந்த எங்கள் மக்கள் கடை வைத்தும் வேலை தேடியும் வாழும் வீதிகளிலிருந்து அது சில நிமிடத் தூரம்தான். அங்கே கிளிசி பெருந்தெருவின் நடுவில் ஒரு நடைபாதை செல்கிறது. அதற்கு 2017 மே மாதத்தில் பரிஸ் மாநகரசபை 'கொக்சினெல் நடைபாதை' என்று பெயர் சூட்டியது.

கொக்சினெல் அந்தப் பகுதியின் கபரே மேடைகளில் பாடி ஆடிய ஒரு திருநங்கை. பிரான்சில் நாடறிந்த நட்சத்திரமாக உயர்ந்த முதலாவது திருநங்கை அவர்தான். ஆனால் அவருடைய புகழை விட முக்கியமானது அவர் செய்த இன்னொரு வேலை. பெண் என்ற தன் அடையாளத்தை மேடையோடு விட்டுவிடாமல் அரசாங்கப் பதிவேட்டிலும் தேவாலயப் பதிவேட்டிலும் அவர் எழுத வைத்தார். அடையாள அட்டைக்கும் பிறப்பத்தாட்சிப் பத்திரத்துக்கும் இருக்கும் பெறுமதி எங்கள் வாசகர்களுக்குப் புதிதல்ல. அவருடைய கதையை அந்த இடத்திலிருந்து வாசிக்கலாம்.

பொறிவண்டு என்ற பெயர்

1931 ஓகஸ்ட் 23ஆம் திகதி பரிஸ் நகரில் பிறந்தவர் அவர். பிறப்புப் பதிவில் ஆண் குழந்தை என்று எழுதப்பட்டது. சிறு வயதிலேயே தன்னைப் பெண்ணாகவே உணர்ந்தார். இளமையில் ஒரு விருந்துக்குச் சிவப்பில் கறுப்புப் புள்ளிகள் போட்ட சட்டை அணிந்து போனதால் 'கொக்சினெல்' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. பிரெஞ்சு மொழியில் அதற்குப் பொறிவண்டு என்று பொருள். அதுவே மேடைப் பெயராயிற்று. சட்டப்படி அவர் பின்னர் பெற்ற பெயர் ஜாக்லின் சார்லொட் டுஃப்ரெஸ்னுவா.

1953இல் பிகால் பகுதியில் இருந்த 'மடாம் ஆர்த்தூர்' என்ற கபரேயில் முதன்முதலாக மேடையேறினார். இரண்டாம் உலகப்போர் முடிந்த அடுத்த ஆண்டான 1946இல் தொடங்கிய அரங்கு அது. பெண் வேடமிடும் கலைஞர்களுக்குப் பெயர்போனது. அவருடைய தாயார் அங்கே பூ விற்றவர்.

கபரே என்றதும் எங்களில் பலருக்கு எழுபதுகளின் தமிழ்ப்படங்களில் வில்லனின் விடுதியில் வரும் ஆட்டம்தான் நினைவுக்கு வரும். பரிசில் அது ஒரு முறையான தொழில். மேசைகளில் இருந்து மக்கள் உணவருந்திக்கொண்டிருக்க, முன்னால் உள்ள மேடையில் பாட்டு, ஆட்டம், நகைச்சுவை என்று தொடர்ந்து நிகழ்ச்சி நடக்கும். ஒவ்வொரு கலைஞருக்கும் சொந்த உருப்படி ஒன்று இருக்கும். அதைக் கொண்டுதான் அவருக்குக் கூலி.

கொக்சினெல் விரைவில் 'லெ கரூசல்' என்ற பெரிய அரங்குக்கு மாறினார். சொந்தக் குரலில் பாடினார். அக்காலத் திரை நட்சத்திரங்களின் ஒய்யாரத்தையும் தலைமுடி அலங்காரத்தையும் தன் மேடைக்குக் கொண்டுவந்தார். 1959இல் வெளிவந்த 'யூரோப்பா டி நொட்டே' என்ற இத்தாலியத் திரைப்படம் ஐரோப்பிய இரவு அரங்குகளைத் தொகுத்துக் காட்டியது. அதில் அவரும் தோன்றினார். 1963-64இல் பரிசின் புகழ்பெற்ற ஒலிம்பியா அரங்கில் 'ஷெர்ஷே லா ஃபாம்' என்ற அவருடைய நிகழ்ச்சி நடந்தது. 'பெண்ணைத் தேடு' என்பது அதன் பொருள். அரங்கின் முகப்பில் அவருடைய பெயர் பெரிய எழுத்தில் மின்னியது.

கசபிளங்கா சத்திரசிகிச்சை

1952 டிசெம்பரில் அமெரிக்கப் பத்திரிகைகள் ஒரு செய்தியை முதற்பக்கத்தில் போட்டன. அமெரிக்க இராணுவத்தில் இருந்த ஒருவர் டென்மார்க்கில் சத்திரசிகிச்சை பெற்றுக் கிறிஸ்டீன் ஜோர்ஜன்சன் என்ற பெண்ணாக மாறியிருந்தார். பின்னர் அவரும் இரவு அரங்குகளில் பாடிப் பிழைத்தார். இப்படியொரு சிகிச்சை இருக்கிறது என்று உலகம் முழுவதும் தெரியவந்தது அந்தச் செய்தியால்தான்.

பிரான்சில் அச்சிகிச்சை கிடைக்கவில்லை. மொரோக்கோவின் கசபிளங்கா நகரில் ஜோர்ஜ் புரூ என்ற பிரெஞ்சு மகப்பேற்று வைத்தியர் தனியார் வைத்தியசாலை நடத்தினார். அவர் தானே உருவாக்கிய ஒரு முறையில் 1950களின் நடுப்பகுதியிலிருந்து இச்சத்திரசிகிச்சையைச் செய்துவந்தார். இன்றும் உலகெங்கும் செய்யப்படும் சிகிச்சைக்கு அந்த முறையே அடிப்படை. 1958இல் கொக்சினெல் அங்கே போனார். அவர் பரிசுக்குத் திரும்பியபோது பத்திரிகையாளர்கள் மொய்த்தார்கள். கரூசல் மேடையில் இருந்த மற்றவர்களும் அவருக்குப் பின்னால் அதே வைத்தியரைத் தேடிப் போனார்கள்.

மாநகரசபையும் தேவாலயமும்

மேடையில் பெண்ணாக நடிப்பதை அன்றைய பரிஸ் காசு கொடுத்துப் பார்த்தது. அரங்கின் கதவைத் தாண்டி வீதிக்கு வந்தால் நிலைமை வேறு. ஆண் என்று எழுதிய அடையாளப் பத்திரத்தோடு பெண் உடையில் நடப்பவரைப் பொலிஸ் மறித்துக் கேள்வி கேட்கும். கைதட்டிய அதே ஆட்கள் வேலையோ வாடகைக்கு வீடோ கொடுக்க மாட்டார்கள்.

கொக்சினெல் தன் சிவில் பதிவைப் பெண் என்று திருத்திக்கொண்டார். அதன்பின் 1960களின் தொடக்கத்தில் பிரான்சிஸ் பொனே என்ற பத்திரிகையாளரைத் திருமணம் செய்தார்.

பிரெஞ்சுச் சட்டப்படி மாநகரசபையில் சிவில் திருமணம் நடந்த பிறகே தேவாலயத்தில் திருமணம் நடக்கலாம். அவர் இரண்டையும் செய்தார். திருமணத்துக்கு முன் ஜாக்லின் என்ற பெயரில் அவருக்கு மீண்டும் ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது. வெள்ளை மணவாடையில் அவர் தேவாலயத்துக்குப் போன படங்கள் நாடெங்கும் பரவின. பிரெஞ்சு அரசு அங்கீகரித்த முதலாவது திருநங்கைத் திருமணம் அதுவே. கத்தோலிக்கர் பலர் கொதித்தார்கள்.

அந்த மணவாழ்வு அதிக காலம் நீடிக்கவில்லை. பின்னர் பராகுவே நாட்டு நடனக்கலைஞர் ஒருவரை மணந்து, 1977இல் அவர் இறக்கும்வரை அவரோடு வாழ்ந்தார்.

ஒருவர் போன வழி எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. சில நீதிமன்றங்கள் சிலருக்குத் திருத்தம் கொடுத்தன, பல நீதிமன்றங்கள் மறுத்தன. காலப்போக்கில் வழி இன்னும் இறுகியது. 1990இலும் பிரான்சின் அதியுயர் நீதிமன்று இத்தகைய வழக்குகளைத் தள்ளுபடி செய்தது. 1992 மார்ச் 25ஆம் திகதி ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் பிரான்சுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஒருவருடைய தோற்றம் ஒன்றாகவும் பத்திரம் இன்னொன்றாகவும் இருக்கும்போது, பத்திரம் காட்ட வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் அவருடைய தனி வாழ்வு மீறப்படுகிறது என்பது அத்தீர்ப்பின் சாரம். அதே ஆண்டு டிசெம்பரில் பிரெஞ்சு நீதிமன்று தன் நிலையை மாற்றியது. சத்திரசிகிச்சையோ வைத்தியச் சான்றோ இல்லாமலே திருத்தம் பெறும் சட்டம் 2016இல்தான் வந்தது.

கொக்சினெல் இந்த மாற்றத்துக்குக் காத்திருந்து பார்த்தவரல்ல. 1987இல் தன் வரலாற்றை நூலாக வெளியிட்டார். 1994இல் 'பெண்ணாதல்' என்று பொருள்படும் பெயரில் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். சத்திரசிகிச்சையை நாடுவோருக்குத் தகவலும் ஆறுதலும் கொடுப்பது அதன் பணி. தன் மூன்றாவது துணைவரான தியெரி வில்சனோடு மார்செய் நகரில் வாழ்ந்த அவர், 2006 ஒக்டோபர் 9ஆம் திகதி பக்கவாதத்தின் பின் காலமானார்.

அதே மேடையிலிருந்து இன்னும் இருவர்

கரூசல் மேடையில் அவரோடு ஆடியவர்களில் இருவரைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

ஒருவர் 'பம்பி' என்ற மேடைப் பெயர் கொண்ட மரி-பியர் ப்ரூவோ. 1935இல் அல்ஜீரியாவில் பிறந்தவர். கரூசல் குழு அல்ஜியர்சுக்கு வந்தபோது அவர்களுடைய நிகழ்ச்சியைப் பார்த்துத் தானும் அப்படி வாழலாம் என்று அறிந்துகொண்டார். பதினெட்டு வயதளவில் பரிசுக்கு வந்து சேர்ந்தார். 1954இல் அல்ஜீரியாவில் விடுதலைப் போர் மூண்டது. 1962இல் நாடு சுதந்திரம் பெற்றது. அங்கிருந்த ஐரோப்பியக் குடும்பங்களில் பெரும்பான்மை கப்பலேறியது. பிறந்த ஊர் கைவிட்டுப் போன ஒரு தலைமுறையின் பிள்ளை அவர்.

சுமார் இருபது ஆண்டு ஆடிய பிறகு பம்பி இன்னொரு வழியைத் தேர்ந்தார். முப்பது வயதைக் கடந்தபின் உயர்தரப் பரீட்சை எழுதிச் சோர்போன் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படித்து 1974இல் ஆசிரியையானார். நீண்டகாலம் பரிசின் புறநகரான கார்ஜ்-லே-கொனேசில் பிரெஞ்சு கற்பித்தார். இன்று எங்கள் பிள்ளைகளும் படிக்கும் பகுதி அது. கல்விப் பணிக்காக அரசு அவருக்கு விருது வழங்கியது. அவருடைய பத்திரத்தில் மரி-பியர் என்ற பெயர் இருந்ததால்தான் அவருக்கு அந்த வகுப்பறை கிடைத்தது. பத்திரம் திருத்தப்படாதிருந்தால் நேர்முகப் பரீட்சையின் வாசலிலேயே அவர் நின்றிருப்பார்.

மற்றவர் ஏப்ரல் ஆஷ்லி. 1935இல் இங்கிலாந்தின் லிவர்பூலில் வறிய குடும்பத்தில் பிறந்து, கப்பலில் வேலை செய்து, பரிசுக்கு வந்து கரூசலில் ஆடியவர். 1960 மே மாதத்தில் கசபிளங்காவில் சிகிச்சை பெற்றார். லண்டனுக்குத் திரும்பி விளம்பர அழகியாகப் பெயர் எடுத்தார். 1961இல் ஒரு ஞாயிறு பத்திரிகை அவருடைய கடந்த காலத்தை வெளியிட்டதும் வேலைகள் எல்லாம் ஒரேயடியாக நின்றுவிட்டன.

1963இல் அவர் ஆர்தர் கோர்பெட் என்ற பிரபு குடும்பத்தவரை மணந்தார். மணவாழ்வு முறிந்தபோது வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. 1970இல் நீதிபதி ஓர்ம்ரொட் தீர்ப்பு வழங்கினார். பிறக்கும்போது உடலில் இருந்த அடையாளங்களே ஒருவரின் பாலைத் தீர்மானிக்கும், எனவே ஏப்ரல் ஆஷ்லி சட்டப்படி ஆண், ஆகவே அந்தத் திருமணம் செல்லாது என்றார். ஆங்கிலேயச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில் இத்தீர்ப்பு பல ஆண்டுகள் மேற்கோள் காட்டப்பட்டது. பிரித்தானியாவில் 2004இல் பாலின அங்கீகாரச் சட்டம் வந்த பிறகே ஏப்ரல் ஆஷ்லி சட்டப்படி பெண்ணானார். அப்போது அவருக்கு எழுபது வயது நெருங்கியிருந்தது. 2012இல் அரசு அவருக்கு விருது அளித்தது. 2021 டிசெம்பரில் காலமானார்.

டில்லியும் மதுரையும்

லண்டனில் எழுதப்பட்ட அந்த 1970 தீர்ப்பு, 44 ஆண்டுகளுக்குப் பிறகு டில்லியில் நிராகரிக்கப்பட்டது. 2014 ஏப்ரல் 15ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் திருநர் உரிமை வழக்கில் தீர்ப்பளித்தது. கோர்பெட் வழக்கின் உடல் அளவுகோலை எடுத்து ஆராய்ந்து, அதை ஏற்க முடியாது, ஒருவர் தன்னை உள்ளத்தில் எதுவாக உணர்கிறாரோ அதுவே முக்கியம் என்று நீதிபதிகள் எழுதினார்கள்.

அதன் தொடர்ச்சி தமிழ்நாட்டில் நிகழ்ந்தது. தூத்துக்குடியில் 2018இல் ஓர் இளைஞரும் ஒரு திருநங்கையும் கோயிலில் திருமணம் செய்தார்கள். பதிவு அலுவலகம் பதிய மறுத்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் 2019 ஏப்ரல் 22ஆம் திகதி தீர்ப்பளித்தார். இந்துத் திருமணச் சட்டத்தில் உள்ள 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்றார். கொக்சினெல் பரிஸ் மாநகரசபையில் கையெழுத்திட்டு ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் கழித்துத் தமிழ் நிலத்தில் அதே கதவு திறந்தது.

அதே 2019இல் மதுரையைச் சேர்ந்த பரதநாட்டியக் கலைஞர் நர்த்தகி நடராஜ் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவ்விருதைப் பெற்ற முதலாவது திருநங்கை அவர். வீட்டை விட்டு வெளியேறி, தஞ்சை நால்வர் வழிவந்த கிட்டப்பா பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் குருகுலவாசம் இருந்து கற்றவர். மேடை அவருக்குப் பிழைப்பையும் மதிப்பையும் கொடுத்தது. மேடைக்கு வெளியே உள்ள ஆயிரக்கணக்கானோருக்குப் பதிவேடுதான் மதிப்பைக் கொடுக்க வேண்டும்.

கண்டியும் சுற்றுத் தோட்டங்களும்

எங்கள் நாட்டிலும் மேடை இதில் தாராளமானது. கண்டியைச் சுற்றியுள்ள கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைத் தோட்டங்களில் மாசி மாதத்தில் காமன் கூத்து நடக்கும். மன்மதன் எரிந்ததும் ரதி புலம்புவாள். ரதி வேடம் கட்டுபவர் வழமையாக ஓர் ஆண். அந்த ஒப்பாரியைக் கேட்டு லயத்துப் பெண்கள் உண்மையாகவே அழுவார்கள். வேடத்தைக் குறை சொல்பவர் எவருமில்லை. வடக்கு கிழக்கின் நாட்டுக்கூத்திலும் பெண் பாத்திரங்களை நெடுங்காலம் ஆண்களே ஆடினார்கள். கண்டிய நடனமோ பல நூற்றாண்டுகளாக ஆண்களுக்கே உரியதாக இருந்தது. கொக்சினெலுக்கு ஒரு வயது இளையவரான வஜிரா சித்ரசேன, பெண்ணாக அதைத் தொழில்முறை மேடையில் ஆடி அந்த வழமையை மாற்றினார்.

வேடத்தைக் கழற்றாமல் வாழ விரும்புகிறவருக்குத்தான் சட்டம் குறுக்கே நிற்கிறது. ஆங்கிலேயர் 1841இல் கொண்டுவந்த அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும், 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையும் இன்றும் நடைமுறையில் உள்ளன. ஆட்மாறாட்டம் செய்து ஏமாற்றுதல் என்ற 399ஆம் பிரிவு, ஒருபாலுறவைக் குற்றமாக்கும் 365அ பிரிவு ஆகியவற்றின் பேரில் திருநர்களைப் பொலிசார் தொல்லைப்படுத்துவதை ஹியூமன் றைட்ஸ் வோச் 2016இல் தன் அறிக்கையில் பதிவு செய்தது. அவ்வொருபாலுறவுப் பிரிவை நீக்கும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் 2023இல் தீர்மானித்தது. அது சட்டமாகும் முன்பே 2024 செப்டெம்பரில் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது.

பத்திரம் தொடர்பில் ஒரு முக்கிய முன்னேற்றம் நடந்திருக்கிறது. 2016இல் சுகாதார அமைச்சு பாலின அங்கீகாரச் சான்றிதழ் பற்றிய சுற்றறிக்கையை வெளியிட்டது. மனநல வைத்திய நிபுணர் ஒருவர் அச்சான்றிதழில் ஒப்பமிட வேண்டும். அதைக் கொண்டு பிறப்புப் பதிவில் பெயரையும் பாலையும் திருத்த விண்ணப்பிக்கலாம். பதிவாளர் நாயகம் திணைக்களமும் அதே ஆண்டு இதற்கான சுற்றறிக்கையை வெளியிட்டது. பிறப்புப் பதிவு திருத்தப்பட்டபின் தேசிய அடையாள அட்டையையும் கடவுச்சீட்டையும் மாற்றிக்கொள்ளலாம். இது நாடாளுமன்றம் இயற்றிய சட்டமல்ல, நிர்வாகச் சுற்றறிக்கை மட்டுமே. மனநல வைத்தியரின் சம்மதத்தில் ஒருவருடைய பால் தங்கியிருக்கிறது என்ற குறையும் அதில் உண்டு. இருந்தாலும் எங்கள் பலரின் காதுக்கு எட்டாமல் கிடக்கும் வழி அது.

பத்திரம் இல்லாத வாழ்வு என்ன என்று கண்டி மாவட்டத் தோட்டத் தமிழருக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை ஒரே நாளில் நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரு அரசாங்கங்கள் அவர்களைக் கேட்காமலே எண்ணிப் பங்கிட்டன. நாடற்றவர்களாக எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. 1977, 1983 வன்செயல்களில் வன்னிக்கு ஓடிவந்த மலையகக் குடும்பங்கள் பின்னர் அங்கே போரின் எல்லாக் கட்டங்களையும் கண்டன. சோதனைச்சாவடியில் அட்டையைப் பார்த்து முகத்தைப் பார்த்து மறுபடி அட்டையைப் பார்க்கும் அந்தச் சில விநாடிகளை எங்கள் தலைமுறை மறக்காது. அட்டையில் ஆண் என்றும் எதிரே பெண் என்றும் இருந்தவருக்கு அந்த விநாடிகள் எப்படி இருந்திருக்கும் என்பதை நாங்கள் அன்று யோசித்ததில்லை. எங்கள் வரிசையிலும் அப்படியானவர்கள் நின்றார்கள்.

முகாமிலும் நடமாடும் சேவையிலும் தொலைந்த பத்திரங்களை மீளப் பெற வரிசையில் நின்றபோது, ஒரு பெயர் பிழையாக எழுதப்பட்டால் அதைத் திருத்த எத்தனை அலுவலகம் ஏறி இறங்க வேண்டும் என்பதையும் நாங்கள் அறிந்தோம். பெயர் மட்டுமல்லாமல் பாலும் பிழையாக எழுதப்பட்டிருக்கிறது என்று சொல்லும் ஒருவர் எங்கள் குடும்பத்தில் இருந்தால், அவரைத் துரத்துவதற்கு முன் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அவரோடு கூடப் போய், 2016 சுற்றறிக்கையின் பெயரைச் சொல்லிச் சான்றிதழைக் கேட்கலாம். கொக்சினெல் மணமகளாக மாநகரசபைப் படியேறிய நாளில் அவரோடு நின்றவர்கள் இருந்தார்கள். இங்கே விண்ணப்பிப்பவர்களில் பலர் அந்தப் படியைத் தனியாகத்தான் ஏறுகிறார்கள்.